அக்காவின் பயணமும் நான் மறித்த எட்டு மாதமும்

அக்கா கர்த்தரிடம் போய்ச் சேர்ந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம் நிறைகிறது. ஜெபக்கூட்டத்துக்கு வந்து இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தக்காரர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அக்காவைப் புகழ்ந்து எழுதச் சொல்லித்தான் இந்தப் பக்கங்களை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். புகழ்ந்தால் அக்காவுக்குப் பிடிக்காது. "போதும்லே, நிறுத்து" என்று சொல்லிவிடுவார். ஆகையால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். இதில் நான் செய்த ஒரு தப்பும் வரும். அதை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எழுத எனக்கு வழி தெரியவில்லை.

அக்கா பிறந்தது நாசரேத்துக்குத் தெற்கே, பனங்காட்டுக்கு நடுவில் இருக்கும் எங்கள் சின்ன ஊரில். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அக்காவுக்கும் எனக்கும் பதினைந்து வயது வித்தியாசம். நடுவில் பிறந்தவை தங்கவில்லை. நான் பிறந்து எட்டாம் மாதம் அம்மா போய்விட்டார்கள். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று நான் வீறிட்டு அழுததில் தெருவே கூடிவிட்டதாம். பாலாடை, சர்க்கரைத் தண்ணீர், பாட்டு எதற்கும் அடங்கவில்லை. அக்கா உள்ளே போய் அம்மா கடைசியாக உடுத்தியிருந்த சேலையை எடுத்து வந்து, உத்தரத்தில் தூளி கட்டி என்னைப் போட்டிருக்கிறார். அந்த வாசனைக்கு நான் கண்ணை மூடிவிட்டேனாம்.

பிறகு யாரோ ஒரு நல்லவர் அந்தச் சேலையைச் சவுக்காரம் போட்டுத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார். மறுபடியும் அதே அழுகை. அக்கா அந்தச் சேலையைத் தானே இரண்டு நாள் உடுத்திக்கொண்டு அடுப்படி வேலையெல்லாம் செய்துவிட்டு, அதன் பிறகு தூளி கட்டினார். நான் தூங்கினேன். இதெல்லாம் அப்பா சொல்லி எனக்குத் தெரியும். அக்கா சொன்னதில்லை.

கலியாணப் பேச்சு வந்தபோது, "இவனையும் தோளில் போட்டுக்கிட்டா மாப்பிள்ளை வீட்டுக்குப் போவேன்?" என்று கேட்டு முடித்துவிட்டார். அப்பாவும் போன பிறகு என்னை அழைத்துக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தார். பஞ்சாலையில் வேலை செய்யும் பெண்களின் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். படித்த பெண், பிள்ளை வளர்த்த பெண் என்று இரண்டு தகுதியும் அக்காவிடம் இருந்தன. அந்தப் பிள்ளைக் கொட்டகையில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். மில்லர்புரம் பக்கத்து வாடகை வீட்டில் இருந்துகொண்டு என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். கப்பல் ஏஜென்ட் ஆபீசில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்ததும் அவர் ஏறி இறங்கிப் படி தேய்த்ததால்தான்.

கொட்டகையில் அக்கா வைத்த சட்டம் ஒன்றுதான். பிள்ளையைக் கொண்டுவரும் தாய், தான் உடுத்திய சேலை ஒன்றையும் கூடவே கொண்டுவர வேண்டும். புதுசு கூடாது, துவைத்ததும் கூடாது. அந்தச் சேலையில்தான் அந்தப் பிள்ளைக்குத் தூளி. மேஸ்திரி ஒருவர், எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைத் துணியாக இருந்தால் பார்க்க லட்சணமாக இருக்குமே என்று சொல்லிப் பார்த்தார். "பாக்கிறது நீங்க, தூங்கப் போறது பிள்ளை" என்றார் அக்கா. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக வரிசையாகத் தூளிகள் தொங்கும். மில் பெண்கள் அக்காவைத் தொட்டிலம்மா என்றே கூப்பிட்டார்கள்.

யுத்தம் முடிந்த கையோடு அக்கா ஓய்வு பெற்றார். வயது ஐம்பத்தைந்து. இனி என் பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டு வீட்டில் இருப்பார் என்று நான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கோயிலில் ஒரு விளம்பரம் வாசித்தார்கள். இலங்கை மலையில் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கொழுந்து பறிக்கும் பெண்களின் பிள்ளைகளைப் பராமரிக்க அனுபவமுள்ள பெண்கள் வேண்டும், சம்பளம் கிடையாது, சாப்பாடும் தங்க இடமும் உண்டு, இரண்டு வருஷம் இருக்க வேண்டும். ஆராதனை முடிந்து நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அக்கா போதகர் ஐயரிடம் பேர் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

"டிக்கெட்டு நீதான்லே போடணும். கொழும்புக் கப்பல் ஒன் ஆபீஸ்லதானே."

"சரிக்கா" என்றேன்.

டிக்கெட் போடவில்லை. இதுதான் அந்தத் தப்பு.

தினமும் தூக்குச்சட்டியில் எனக்குச் சாப்பாடு கொண்டுவரும் அக்கா, மாதம் ஒரு முறை, "எடம் இருக்காலே?" என்று கேட்பார். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "யுத்தம் இப்பத்தான முடிஞ்சிருக்கு. பட்டாளத்துக்காரங்க, வியாபாரிங்க, ஒரே நெரிசல். அடுத்த மாசம் பாப்போம்" என்பேன். அக்கா தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போவார். எட்டு மாதம் இப்படியே ஓட்டினேன். அக்கா இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. நாற்பது வயது, மூன்று பிள்ளைக்குத் தகப்பன், இருந்தும் இதுதான் நிலைமை.

குட்டை உடைத்தவர் தொம்மை தண்டல். கொழும்புக்குத் தோணி ஓட்டுகிறவர். அவர் பேத்தி அக்காவின் தூளியில் வளர்ந்தவள். எனக்குச் சாப்பாடு கொண்டுவரும் வழியில் கடற்கரையில் மீன் வாங்கப் போன அக்கா அவரிடம் குறைப்பட்டிருக்கிறார்.

"என்ன தண்டல், கப்பல்ல இன்னும் எடமே கெடைக்கல பாத்தீங்களா?"

"யாரு தாயி சொன்னா? போன கப்பலு பாதி காலியாவுல்லா போச்சு."

அக்கா மீன் வாங்காமல் நேரே ஆபீசுக்கு வந்தார். என் மேஜைக்கு வரவில்லை. என்னைத் தாண்டி, பக்கத்து மேஜையில் இருந்த சின்னக் குமாஸ்தாவிடம் போய், "தம்பி, கொழும்புக்கு ஒரு டிக்கெட்டு எழுதுங்க" என்றார். அவனும், "எந்தக் கப்பலுக்கும்மா? எல்லாத்துலயும் இருக்கே" என்று புஸ்தகத்தை விரித்துவிட்டான். ஐயோ, பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. அக்கா டிக்கெட்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, என் மேஜையில் தூக்குச்சட்டியை வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கும் எனக்குச் சாப்பாடு கொண்டுவரத் தவறவில்லை.

வீட்டுக்குப் போனேன். அக்கா டிரங்குப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீ போயிட்டா நான் என்னக்கா செய்வேன்?" என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒனக்கு நாப்பது வயசாச்சுலே" என்றார். அடுப்படியில் இருந்து என் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. கடைசியில் அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்து முடித்துவிட்டு ஒன்று சொன்னார். "எட்டு மாசம்லே. கைப்பிள்ளைக்கு எட்டு மாசம்னா எம்புட்டுக் காலம் தெரியுமா? குப்புற விழுந்து, தவழ்ந்து, எந்திரிச்சு உக்காந்திரும்." அது எனக்கு உறைத்தது. இன்றைக்கும் உறைக்கிறது.

துணிக்கு ரேஷன் கார்டு இருந்த நாட்கள் அவை. என் பங்கையும் சேர்த்துக் கொடுத்து அக்காவுக்கு ஒரு சுங்குடிச் சேலை வாங்கினேன். மஞ்சள் உடம்பு, அரக்குக் கரை. மன்னிப்புக் கேட்க வாய் வராதவன் துணி வாங்கிக் கொடுத்தான், அவ்வளவுதான். அதை உடுத்திக்கொண்டுதான் அக்கா படகில் இறங்கிக் கப்பலுக்குப் போனார்.

தோட்டத்தில் முதல் இரண்டு மாதம் அக்காவுக்கு லேசாக இல்லை. பிள்ளைக் காப்பகத்துக்கு அங்கே பிள்ளைக் காம்பரா என்று பேர். காம்பரா இருந்தது, பிள்ளைகள்தான் இல்லை. கைப்பிள்ளையை லயம் என்கிற வரிசை வீடுகளில் ஏழு வயது அக்காமாரிடம் விட்டுவிட்டுத் தாய்மார் மலையேறிக்கொண்டிருந்தார்கள். வேறு சில பேர் முதுகில் கட்டிக்கொண்டு மழையிலேயே கொழுந்து பறித்தார்கள். ஏன் என்று விசாரித்து அக்கா எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. "இங்க தொட்டில் கட்டுறது சாக்குல. பிள்ளை தோலெல்லாம் தடிச்சுப் போவுது, ராவிப் போவுது, ஓயாம அழுவுது. தாய்மாருக்கு மனசு வரல. சேலை கொண்டா தாயின்னு கேட்டா, ரெண்டே ரெண்டுதான் இருக்குன்னு சொல்லுதாங்க. ஒண்ணு மழையில நனைஞ்சா மத்தது வேணுமே. நான் திரும்பி வந்துட்டேன். நீ நம்ம மில் பொம்பளைகள்ட்ட பழைய சேலை கேட்டு அனுப்பு. அதை இவங்க உடுத்திக்கிடட்டும். இவங்க உடுத்துனதை நான் வாங்கித் தூளி கட்டிக்கிடுதேன்."

அப்படியாகத்தான், கப்பல் ஆபீஸ் குமாஸ்தாவான நான், வேலை விடும் நேரத்தில் மில் வாசலில் போய் நின்றேன். கூட்டமாக வந்த பெண்களிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், "சேலை வேணும்" என்று சொல்லிவிட்டேன்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கா, அண்ணிக்கா?" என்றாள் ஒருத்தி. ஒரே சிரிப்பு. ஆவுடையம்மாள் என்ற மூத்த தொழிலாளி முன்னால் வந்தார். அவர் பிள்ளைகள் நான்கு பேரும் அக்காவின் தூளியில் தூங்கியவர்கள். "சும்மா இருங்கடி. தொட்டிலம்மா கேட்டிருக்காவ" என்று ஒரு சத்தம் போட்டார். மறுநாளில் இருந்து வந்து குவிந்தது. துணிக்கு அவ்வளவு தட்டுப்பாடான நேரத்தில், ஒட்டுப்போட்ட சேலையைக் கூடத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து தந்தார்கள். தொம்மை தண்டல் மூட்டைகளைத் தோணியில் ஏற்றிக்கொண்டார். "இதுக்கும் எடம் இல்லைன்னு சொல்லிராதீங்க" என்று என்னைக் குத்தவும் தவறவில்லை.

மூட்டை போய்ச் சேர்ந்த இரண்டாம் வாரம் காம்பரா நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் அக்காவின் சந்தோஷம் தெரிந்தது. தேசமே கொண்டாடிய அந்த ஆகஸ்டு மாதத்தில் எல்லாரும் கொடியையும் தலைவர்களையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அக்கா எழுதிய இரண்டு பக்கத்திலும், யார் யாருக்குப் பல் முளைத்தது என்பதுதான் இருந்தது. கடைசி வரியில், "சுதந்திரம் வந்ததாமே, சந்தோஷம்" என்று ஒரு வார்த்தை.

இரண்டு வருஷம் முடிந்து அக்கா கப்பலை விட்டு இறங்கியபோது மெலிந்திருந்தார். மலைக் குளிரில் நெஞ்சில் சளி கட்டியிருந்தது. முகம் மட்டும் தெளிவாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி டிரங்குப் பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்துவைத்தாள்.

"மதினி, அந்த மஞ்சச் சேலைய எங்க?"

"அது அங்க இருக்கு" என்றார் அக்கா.

எனக்குச் சுருக்கென்று வந்தது. "நான் ஆசையா வாங்கித் தந்ததையுமா தானம் பண்ணிட்ட?" என்றேன். உடம்புக்கு முடியாத மனுஷியிடம் கேட்கிற கேள்வியா? ஆனாலும் கேட்டுவிட்டேன்.

அக்கா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஊர் திரும்ப நான்கு மாதம் இருக்கும்போது தோட்டத்தில் ஒரு பெண் பிள்ளை பிறந்தது. தாய் பிரசவத்திலேயே போய்விட்டாள். அவளுடைய இரண்டு சேலையில் ஒன்று அவளோடு போயிற்று. மற்றதைத் துவைத்து வைத்திருந்தார்கள். பிள்ளை எந்தத் தூளியிலும் அடங்கவில்லை.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன? ஒனக்குச் செஞ்சதுதான். எஞ்சேலைய அவுத்துக் கட்டினேன். பிள்ளை தூங்கிட்டா. நாலு மாசமும் அதுலதான் கெடந்தா. ஊருக்குப் பொறப்படுறதுக்கு முன்ன ஒரு வாரம் அதைத் திரும்பவும் உடுத்திக்கிட்டேன், துவைக்கல. கடைசி நாள் கட்டிப் போட்டுட்டு வந்துட்டேன். அவ அத்தைக்காரி பாத்துக்கிடுதா."

பிறகு அக்காவே சொன்னார். "நான் கேட்ட அன்னிக்கே நீ டிக்கெட்டு போட்டிருந்தா, அவ பெறக்கும்போது நான் இங்கன உக்காந்து ஒன்கூட சண்ட போட்டுக்கிட்டு இருந்திருப்பேன்லே."

நான் நிமிர்ந்து பார்த்தேன். எட்டு மாதப் பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.

"அதுக்காக நீ செஞ்சது சரின்னு ஆயிராது" என்றார். அதுதான் அக்கா.

அதன் பிறகு மூன்று மாதம் எங்களோடு இருந்தார். வேளைக்குக் கஞ்சி குடித்தார், என் பிள்ளைகளை வைதார், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வந்தார். ஒரு காலை ஜெபம் முடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரு குறையும் சொல்லாமல் போனார். அடக்கத்தன்று மில் பெண்கள் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு வந்து தெரு முனை வரை நின்றார்கள்.

அக்காவைக் கடைசி வரை பார்த்துக்கொண்ட டாக்டருக்கும், ஜெபித்த ஐயருக்கும், அம்மாவுக்குச் செய்வது போலச் செய்த என் மனைவிக்கும், ஆவுடையம்மாளுக்கும் சேலை தந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் என் நன்றி. உண்மையை எட்டு மாதம் கழித்தாவது சொன்ன தொம்மை தண்டலுக்குத் தனியாக ஒரு நன்றி.

போன வாரம் அந்தத் தோட்டத்தில் இருந்து கடிதம் வந்தது. பிள்ளையின் அத்தை யாரிடமோ சொல்லி எழுதி வாங்கியிருக்கிறாள். பிள்ளை நடக்கிறாளாம், தூளியில் போட்டால் இறங்கி ஓடிவிடுகிறாளாம். சேலை இன்னும் கிழியாமல் இருக்கிறது, பெரியம்மாவின், அதாவது அக்காவின், ஞாபகமாக வைத்துக்கொள்ள ஆசைப்படுவீர்களே, தண்டல் வரும்போது கொடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாள்.

ஆசை இல்லாமல் இல்லை. இரண்டு நாள் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். மூன்றாம் நாள் உட்கார்ந்து பதில் எழுதினேன். "அனுப்ப வேண்டாம். அது அவளுடைய அம்மாவின் சேலை. அவளிடமே இருக்கட்டும்."