நைனா என்று கூப்பிட்டால் கேட்காதா?

என் கணவருக்காக ஜெபிக்க வந்தவர்கள் எல்லாரும் அவர் எழுந்து நடப்பார் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் நடக்கவில்லை. இனியும் நடக்கப் போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் அற்புதம் நடக்கும் என்று காத்திருந்து படித்துவிட்டு யாரும் என்னிடம் சண்டைக்கு வரக் கூடாது.

துறைமுகத்தில் அவருக்கு லாஷிங் வேலை. கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்கள் அசையாதபடி இரும்புக் கம்பி போட்டு இறுக்க வேண்டும், கரை சேர்ந்ததும் அவிழ்க்க வேண்டும். ஒரு மழைக்காலக் காலையில் மேலேயிருந்து வழுக்கி விழுந்தார். முதுகுத்தண்டு போயிற்று. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. நான் ராயபுரத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் பில் அடிக்கிறவள். பாதி நாள் அங்கே, மீதி நாள் அவர் கட்டிலோரம் என்று என் பிழைப்பு மாறியது.

அவர் வாய் ஓயாத மனிதர். திருவொற்றியூரில் பஸ் ஏறினால் பாரிமுனையில் இறங்குவதற்குள் கண்டக்டரின் மச்சான் கல்யாணம் வரைக்கும் விசாரித்து முடித்திருப்பார். அப்படிப்பட்டவர், விழுந்த பிறகு பேச்சை விட்டுவிட்டார். எந்தப் பக்கம் புரட்டிப் படுக்க வைத்தாலும் கண்ணை மூடிக்கொள்வார். தண்ணீர் வேண்டுமா என்றால் தலையசைப்பு. வலிக்கிறதா என்றால் அதுவும் இல்லை. கால் வராது என்று டாக்டர் சொன்னதை நான் அன்றைக்கே பல்லைக் கடித்துக்கொண்டு முழுங்கிவிட்டேன். ஆனால் அந்தப் பேச்சை என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. கட்டியவனோடு ஒரே அறையில் இருந்துகொண்டு அவன் இல்லாத மாதிரி வாழ்வது இருக்கிறதே, அந்தக் கொடுமை யாருக்கும் வேண்டாம்.

ஜெபிக்க வந்தவர்கள் நல்ல மனதோடுதான் வந்தார்கள். கையில் ஆரஞ்சுப் பழம், வாயில் பெரிய பெரிய வார்த்தைகள். சீக்கிரமே எழுந்து நடந்து ஆலயத்துக்கு வருவீர்கள், சாட்சி சொல்வீர்கள் என்பார்கள். இவர் கண்ணைத் திறக்காமல் படுத்திருப்பார். ஒரு பெரியவர் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மறைவான பாவம் ஏதாவது வீட்டுக்குள்ள இருக்குதான்னு யோசிச்சுப் பாரும்மா" என்றார்.

"இருக்குதுங்க. உங்களை வீட்டுக்குள்ள வுட்டதுதான்" என்று சொல்லிக் கதவைத் திறந்து விட்டேன். மூக்குக்கு மேலே கோபம் என்று என் அம்மா என்னைத் திட்டுவாள். அன்றைக்கு அந்தக் கோபம் எனக்கு நன்றாகவே உதவியது.

அந்தப் பெரியவர் போன பிறகு, இத்தனை மாதத்தில் ஒரே ஒரு தடவையாக, கட்டிலிலிருந்து என் கணவரின் குரல் வந்தது. "இனிமே எவனும் எனுக்காக ஜெபம் பண்ணக் கூடாது. நீயும் பண்ணாத."

இதற்குப் பின்னால் ஒரு பழைய காயமும் உண்டு. எங்கள் சபையில் ஜெபத்துக்கென்று ஒரு தமிழ் இருக்கிறது. தேவரீர், கிருபை கூர்ந்தருளும், இரட்சியும் என்று போகும் தமிழ். அதில் பழகிப்போனவர்களுக்கு அது அழகுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவரை எழுந்து ஜெபிக்கச் சொன்னார்கள். பாவம், வியர்த்து விறுவிறுத்து அந்தத் தமிழிலேயே தொடங்கினார். நடுவில் தடுமாறினார். மேஸ்திரியிடமும் சூப்பர்வைசரிடமும் பேசிப் பேசிப் பழகிய நாக்கு அல்லவா, "எங்கள் எல்லாரையும் இரட்சியும் சார்" என்று முடித்துவிட்டார். ஆலயமே குலுங்கிச் சிரித்தது. அதோடு சரி. அதற்கப்புறம் அவர் ஆலயத்தில் வாயைத் திறந்து ஜெபித்ததே இல்லை. பின் வரிசையில் உட்கார்ந்து பாட்டு மட்டும் பாடுவார்.

அடுத்த வீட்டில் மீன் விற்கிற அக்கா இருந்தாள். கடற்கரையோரம் ஷீட் போட்ட ஒரு சின்ன ஜெபக்கூடத்துக்குப் போகிறவள். காசிமேட்டில் மீன் எடுத்து மீன்பாடி வண்டியில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்பாள். அந்த மூன்று சக்கர வண்டியை மிதிப்பது எங்கள் தெருவிலேயே வெல்டிங் பட்டறை வைத்திருந்த பாய். பட்டறையில் வேலை குறைந்துபோனதால் காலையில் அக்காவுக்கு வண்டி மிதித்தார். ஒரு மத்தியானம் வியாபாரம் முடிந்த கையோடு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல், அக்கா எங்கள் வீட்டுக்குள் வந்து தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"இன்னாமே, உன் வூட்டுக்காரு ஜெபம் வேணான்ட்டாராமே?"

"ஆமாக்கா. விட்ருங்க."

"அவுரு வேணான்னா போறாரு. நான் அவுருகிட்டயா பேசப்போறேன்?" என்று சொல்லிவிட்டு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடினாளா என்றுகூடத் தெரியவில்லை. யாரோ எதிரில் உட்கார்ந்திருக்கிற மாதிரி சத்தமாகத் தொடங்கினாள்.

"நைனா! இன்னா நைனா இது? இந்தப் புள்ள ஆபீசுக்கும் வூட்டுக்கும் ஓடி ஓடி தேஞ்சிகினு கீது. இந்தாளு செவுத்தப் பாத்துகினு பட்துகினு கீறாரு. நீ இன்னா பண்ணிகினு கீறே? வா. வந்து பாரு. நீ வராங்காட்டி நான் வுட மாட்டேன், ஆமா."

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமுகிறார் என்று நினைத்து ஓடினேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு!

"இன்னாக்கா நீ, ஆண்டவரைப் போயி நைனான்றே?"

"அப்பாதானே அவுரு? எங்கூட்ல அப்பன நைனான்னுதான் கூப்டுவோம். உங்கூட்ல எப்டி?"

"எங்கூட்லயும் நைனாதான்."

"அப்பறம் இன்னா பேஜாரு? கூப்டு."

அவர் கூப்பிட்டார். முதலில் அந்த ஒரு வார்த்தை மட்டும்தான் வந்தது. பிறகு மடை திறந்த மாதிரி வந்தது பாருங்கள், அது ஜெபமா வசவா என்று நான் திகைத்துப்போனேன். "நைனா, உன் மேல செம காண்டுல கீறேன். ஏன் என்னைத் தள்ளினே? நான் இன்னா துரோகம் பண்ணேன் உனுக்கு?" என்று கேட்டுக் கேட்டு, தலையணை நனைய அழுதார். அக்கா அவரைத் தடுக்கவில்லை. நடப்பாய் என்றும் சொல்லவில்லை. "கேளு கேளு, நல்லா கேளு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. என் மனிதர் பேசிவிட்டார்.

அதன் பிறகு வாரத்தில் ஒரு மத்தியானம் எங்கள் அறையில் கூட்டம். மீன் விற்கிற பெண்கள் நாலைந்து பேர் வருவார்கள். பாய் வாசற்படியில் உட்கார்ந்து பீடியை அணைத்து வைத்துவிட்டுக் கேட்பார். நாங்கள் ஆமென் சொன்னால் அவர் ஆமீன் என்பார். ஜெபம் என்றால் ஜெபம் மட்டும் இல்லை. இவருக்கு முதுகில் புண் வந்தபோது முகம் சுளிக்காமல் துடைத்து மருந்து போட்டது அந்த அக்காதான். தண்ணீர் லாரி வந்தால் எங்கள் குடம் முதலில் நிரம்பும். பாய் பழைய இரும்புக் குழாய்களை வெட்டி, இவர் பிடித்து எழுந்து உட்காரக் கட்டிலுக்கு மேலே ஒரு கம்பி அடித்துக் கொடுத்தார். "கப்பல்ல தொங்கினவன் நீ, இதுல தொங்க மாட்டியா மாமு?" என்று சீண்டுவார். இவரும் விட மாட்டார், பாயின் வெல்டிங்கை ஒரு பிடி பிடிப்பார். அறை அதிரச் சிரிப்பு.

அந்தச் சிரிப்பைக் கேட்டு எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த நெலமையில எப்படித்தான் சிரிக்க முடியுதோ" என்று சொன்னவர்கள் உண்டு. முடிகிறது. படுத்த படுக்கையாகக் கிடப்பவன் வீட்டில் எந்நேரமும் ஒப்பாரிதான் கேட்க வேண்டும் என்று எவன் சட்டம் போட்டான்? நான் சொல்கிறேன், அவர் இரண்டு காலோடு இருந்த வருடங்களில் எங்கள் வீட்டில் இவ்வளவு ஜெபமும் இல்லை, இவ்வளவு சிரிப்பும் இல்லை. கால் போனதற்கு நன்றி சொல்ல மாட்டேன். அது அநியாயம். அந்த அநியாயத்துக்குள்ளேயும் ஆண்டவர் வந்து உட்கார்ந்தார் என்பதை மறைக்கவும் மாட்டேன்.

ஒரு நாள் காலை, நான் அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரம், தொழிற்சாலைப் பக்கமிருந்து காற்றில் ஒரு காரமான நெடி வந்தது. கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. வாயு கசிகிறது, ஓடுங்கள் என்று தெருவெல்லாம் கூச்சல். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஓடினார்கள். நான் இவருடைய அக்குளில் கையைக் கொடுத்து இழுக்கிறேன், அசைக்க முடியவில்லை. "நீ போ" என்கிறார். "வாயை மூடுங்க" என்கிறேன்.

அதற்குள் வாசலில் பாயின் வண்டி வந்து நின்றது. அன்றைக்கு எடுத்த மீன் அவ்வளவும் அதில் இருந்தது. அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஐஸோடு மீனைத் தூக்கி ரோட்டில் கொட்டினாள். நாங்கள் மூன்று பேரும் போர்வையோடு இவரைத் தூக்கி வண்டியில் போட்டோம். பாய் மிதித்தார், அக்காவும் நானும் பின்னாலிருந்து தள்ளினோம். இருமிக்கொண்டே, அழுதுகொண்டே, தண்டையார்பேட்டை வரைக்கும். மீன் தண்ணீரில் ஊறிப்போய்ப் படுத்திருந்த இவர் அந்த நேரத்திலும் அக்காவிடம், "உன் மீனுக்கு இன்னா பதில் சொல்றது, அக்கா?" என்று கேட்டார். "பூனைங்க துன்னட்டும், நீ மூடிகினு படு" என்றாள் அவள்.

சாயங்காலம் காற்று சரியாகி வீடு திரும்பியதும் இவர் என்னிடம் சொன்னார். "கோயிலுக்குப் போவணும். எல்லார் முன்னாடியும் நன்றி சொல்லணும். என் வாயால."

மறுபடியும் சிரித்தார்கள் என்றால்? பழையபடி வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார் என்றால்? இன்னொரு தரம் அவரை மீட்டுக்கொண்டு வர என்னிடம் தெம்பு இல்லை. ஆனாலும் போய்ச் சபைச் செயலாளரிடம் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"சாட்சி சொல்லட்டும்மா, வேணாங்கல. ஆனா அந்த பாஷை வேணாம். உங்க வீட்டுல நடக்கிற ஜெபத்தைப் பத்திக் கேள்விப்பட்டேன். நைனாவாமே? ஆட்டோக்காரனைக் கூப்பிடுற மாதிரி. சினிமாவுல காமெடிக்குப் பேசுற பாஷைம்மா அது. பரிசுத்த ஸ்தலத்துல நல்லா இருக்குமா?"

கோபம் வந்தால் நான் படித்த தமிழ் என்னை விட்டு ஓடிப்போகும். "எங்க தெருவுல தாலாட்டும் அந்த பாஷைலதான், சாவுக்கு அய்வுறதும் அந்த பாஷைலதான். ஆண்டவருகிட்ட பேச மட்டும் வேற வாயி வாடகைக்கு வாங்கினு வரணுமா? கடலோரம் போயி வலை இழுக்கறவங்கள கூப்டவருதானே அவுரு? அவங்கோ இன்னா பாஷைல பேசினாங்கோன்னு நெனச்சிகினு கீறீங்கோ?"

பக்கத்தில் நின்ற போதகர் சின்ன வயசுக்காரர். செருமிவிட்டு, "பேசட்டும்" என்றார். செயலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அதே மீன்பாடி வண்டியில்தான் போனோம். அக்கா வண்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தாள், ஆனாலும் மீன் வாடை போகுமா? ஆலயத்தில் இருந்த சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, பாயும் இன்னும் மூன்று பேரும் அவரை நாற்காலியோடு படிகளில் தூக்கினார்கள். பாய் கதவோரம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டார். அக்கா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். நான் நாற்காலியின் பின்னால், கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நைனா" என்று அவர் தொடங்கினார்.

எங்கோ ஒரு வரிசையில் களுக்கென்று ஒரு சிரிப்பு. இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். அவர் நிறுத்திவிட்டார். சிரித்த வரிசையை நான் முறைத்தேன். அவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"சிரிங்கோ, பரவால்ல" என்றார். "மொத தபா கேட்டப்போ நானும்தான் சிரிச்சேன்."

பிறகு முன்னால் திரும்பிக்கொண்டார். "நைனா, கொஞ்ச நாளு உன்னாண்ட பேசாம இருந்தேன். காண்டு. இன்னும் கொஞ்சம் கீது, பொய் சொல்ல மாட்டேன். காலு போச்சு. அத்த கேக்க வர்ல. அன்னிக்கு வாயு வந்தப்போ ஓட முடியாதவன் நான். இவங்கோ என்னை வுட்டுட்டு ஓடியிருக்கலாம். ஓடல. பொயப்பத் தூக்கி ரோட்ல கொட்டிட்டு என்னைத் தூக்கிகினாங்கோ. அந்தாண்ட ஒர்த்தரு மூச்சு வாங்க வாங்க மிதிச்சாரு. நீ எங்க கீறே எங்க கீறேன்னு கேட்டுகினே கெடந்தேனே, அன்னிக்கு பாத்துட்டேன். அவ்ளோதான் நைனா. ஆமென்."

இப்படி ஒரு ஜெபத்துக்கு எப்படி ஆமென் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி வரிசையிலிருந்து அக்கா எழுந்தாள்.

"இன்னா முழிச்சிகினு கீறீங்கோ? ஆமென் சொல்லுங்கோ!"

சொன்னார்கள். செயலாளரும் சொன்னார். அவர் வாய் அசைந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.