மே மாத வோல்டேஜ்

மண்ணூர்பேட்டையில் நாங்கள் இருப்பது நாலாவது மாடி. எங்களுக்கு மேலே மொட்டை மாடிதான். என் மனைவிக்கு நரம்பில் ஒரு நோய். உடம்பு சூடேறினால் கால்கள் துவண்டுவிடும். குளிர்ந்தால் மெல்லத் தெம்பு திரும்பும். "மருந்தோட, வீட்டையும் குளிர்ச்சியா வச்சுக்குங்க" என்றார் டாக்டர். ஐடிக்காரன் புத்தி, அதை ஒரு புராஜெக்ட் மாதிரி எடுத்துக்கொண்டேன்.

ஏர்கூலர் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு உதவாது என்று முதலிலேயே தள்ளினேன். பூமிக்கடியில் குழாய் பதித்து, தண்ணீரைச் சுற்றவிட்டு, வீட்டுச் சூட்டை மண்ணுக்குள் இறக்கும் முறை ஒன்று இருப்பதாகப் படித்தேன். கரண்டும் குறைவாம். கொஞ்ச நாள் அதே நினைப்பு. செய்து கொடுப்பவர் ஒருவரைத் தேடிப் பிடித்து போனில் பேசினேன்.

"தனி வீடா சார்?"

"ஃபிளாட். நாலாவது மாடி."

"தோண்ட உங்களுக்குன்னு இடம் வேணுமே சார். அதுவும் இல்லாம, நம்ம ஊர்ல மண்ணே அவ்வளவு குளிர்ச்சி கிடையாது. நல்ல ஏசியா ஒண்ணு போட்டுடுங்க."

போட்டேன். கரண்டைக் குறைவாக இழுக்கும் ஃபைவ் ஸ்டார் ஏசி. மொட்டை மாடிக்கு வெள்ளைப் பெயிண்டும் அடித்தோம். ஏப்ரல் முழுக்க அவள் சுவரைப் பிடிக்காமல் நடந்தாள்.

மே பிறந்ததும் தெருவில் எல்லா வீட்டு ஏசியும் ஓட, மதியமானால் வோல்டேஜ் விழுந்தது. ஸ்டெபிலைசர் டக்கென்று ஏசியை நிறுத்திவிடும். ஒரு நாள் அப்படி நின்று வீடு கொதித்தபோது, குளியலறையிலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது: "ஏங்க, எழுந்திரிக்க முடியல."

தூக்கி வந்து படுக்கவைத்து, ஈரத்துண்டைப் போர்த்திவிட்டுக் கீழே ஓடினேன். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் லைன்மேன் நின்றிருந்தார்.

"அல்லாரும் ஏசி போட்டுகினு கீறாங்க. இது இன்னா பண்ணும் சார்? பெருசா வேற வெக்கணும். எழுதிப் போட்டுகீறோம்."

"எப்ப வரும்?"

"எனுக்கு இன்னா சார் தெரியும்?"

கோபமாகச் சொல்லவில்லை. அவர் சட்டையும் தொப்பலாக நனைந்திருந்தது.

அந்த வோல்டேஜில் லிஃப்டும் ஓடவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் நானுமாக அவளைப் படியில் இறக்கிக் காரில் உட்காரவைத்தோம். கார் ஏசியை முழுதாக வைத்துக்கொண்டு, பாடியில் இருக்கும் மேம்பாலம் வரை போனேன். திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன். போக வேறு இடம் தோன்றவில்லை. கரண்டை மிச்சம் பிடிக்கப் பார்த்துப் பார்த்து வாங்கியது வீட்டில் சும்மா தொங்க, பெட்ரோலை எரித்துக்கொண்டு லாரிகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருந்தோம்.

"கால் விரல் அசையுது, பாருங்க" என்றாள்.

பார்க்க முடியவில்லை. முன்னால் ஒரு பஸ் பிரேக் போட்டது. "அசையுதா? சரி, சரி" என்றேன்.

வெயில் இறங்கிய பிறகுதான் வீடு திரும்பினோம். மறுநாள் மதியமும் ஏசி நின்றது. நான் ஹாலுக்கு வந்து பார்த்தால், அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"கால் போறதுக்கு முன்னாடியே இறங்கிடலாங்க" என்றாள்.