இரண்டு திரைகளில் ஒரே கேம்

கேம் விளையாட கிராபிக்ஸ் கார்டு வாங்க, அக்காவுடன் திண்டுக்கல்லில் ஒரு கடைக்குப் போனேன். நடுத்தர விலையில் இரண்டு கார்டுகள் இருந்தன. கடைக்காரர் இரண்டு கம்ப்யூட்டர்களில் ஒரே கேமை ஓடவிட்டார். விலை கூடிய கார்டில் அது வழுக்கிக்கொண்டு ஓடியது. மற்றதில் திக்கித் திணறியது. விலையில் கொஞ்சம்தான் வித்தியாசம், ஓட்டத்தில் இவ்வளவா என்று உறுத்தியது.

கேமே விளையாடாத அக்கா, வேகமாக ஓடிய திரையைக் காட்டினாள். “ஏலே, இதுல மரத்துக்கு நிழலே விழுகலையே?”

கேமின் செட்டிங்கைத் திறந்தேன். அதில் மட்டும் நிழல், புல் எல்லாவற்றையும் குறைத்து வைத்திருந்தார்கள். அப்படிக் குறைத்தால் எந்தக் கார்டிலும் கேம் வேகமாக ஓடும். இரண்டையும் சமமாக்கியதும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியவில்லை.

“யாரோ மாத்திவிட்டாங்க போல, சார்” என்றார் கடைக்காரர்.

விலை குறைந்ததையே வேறு கடையில் வாங்கினேன். அங்கும் கேமை ஓடவிட்டுக் காட்டியபோது, முதலில் செட்டிங்கைத்தான் திறந்தேன்.

“எங்க மேல சந்தேகமா, சார்?” என்று கேட்டார் அந்தக் கடைக்காரர். முகம் வாடியிருந்தது. நான் நிமிராமல் பார்த்து முடித்தேன்.