இடப்பக்கத்தில் உட்கார்ந்தவள்

அன்று காலை என் வீட்டுக்காரர் பாதி முகம் மட்டும் சவரம் செய்துகொண்டு வந்து நின்றார். வலது கன்னம் வழவழவென்று இருந்தது. இடது கன்னத்தில் நரைமுடி அப்படியே இருந்தது.

“பிளேடு முறிஞ்சிபோச்சா, இல்ல பாதி மாப்பிள்ளையாத்தான் போறீங்களா?” என்று கேலி செய்தேன்.

அவர் சிரித்தார். சிரிப்பும் ஒரு பக்கமாகத்தான் வந்தது. கேலியை விட்டுவிட்டு ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினேன்.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து உடம்பின் ஒரு பக்கம் தளர்ந்துபோவது) என்றார்கள். இடது கை விழுந்துவிட்டது. காலும் பாதி விழுந்தது.

நான் அதிகம் படித்தவள் அல்ல. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிப் படுத்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கைகால் விழுந்ததையாவது கண்ணால் பார்க்க முடிந்தது. எங்களைப் பாடாய்ப்படுத்தியது கண்ணுக்குத் தெரியாத வேறொன்று.

தட்டில் வலது பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு, “இவ்வளவுதான் வச்சியா?” என்று கோபப்படுவார். இடது பாதிச் சோறு தொடாமல் கிடக்கும். இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் வலப்பக்கம் தேடுவார். ஒருநாள் தன் இடது கையையே காட்டி, “இது யாரு கை? எடுக்கச் சொல்லு” என்றார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனேன்.

டாக்டர் இதற்கு ஒருபக்கப் புறக்கணிப்பு (கண் நன்றாக இருந்தும் மூளை ஒரு பக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவது) என்று பெயர் சொன்னார்.

அவர் தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு நாக்பூர்வரை லாரி ஓட்டியவர். டாக்டரிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“மறுபடி வண்டி எடுப்பேனா?”

“எடதுபக்கம் மொதல்ல திரும்பி வரட்டும் அண்ணாச்சி. மத்தத அப்புறம் பேசுவோம்.”

“எடதுபக்கம் எங்க போச்சு?” என்றார் இவர். போனதே அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிசியோதெரபி (உடற்பயிற்சி வைத்தியம்) செய்ய ஒருவர் வந்தார். ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார். இடப்பக்கம் கலர் அட்டைகளைப் பரப்பித் தேடச் சொன்னார். “இது என்ன பால்வாடியா?” என்று இவர் அட்டையைத் தள்ளிவிட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது பிடிக்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் முன்னால் என் வீட்டுக்காரர் பந்தும் கையுமாக இருப்பதா என்று கதவைச் சாத்தியே வைத்திருந்தேன்.

மகள் ஜெயா சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். லீவு போட்டுவிட்டு வந்தவள், டிவியில் மாட்டி விளையாடும் வீடியோ கேம் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தாள். அதற்கு ஒரு ஸ்டியரிங், காலில் அமுக்க ஆக்சிலேட்டர், பிரேக். கார் பந்தயமாம். சம்பளத்தில் தனக்காக வாங்கியதாம்.

“அப்பா கெடக்குத கெடையில வெளையாட்டு கேக்குதாட்டி உனக்கு?” என்றேன்.

“நீ சும்மா இரும்மா. ஸ்டியரிங்க அவங்க கையில குடுத்துத்தான் பாப்போமே.”

மேசையில் இறுக்கி மாட்டினாள். அவர் வலது கையால் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். லாரியில் ஏறினால் முதலில் செய்வது அது. காலால் ஆக்சிலேட்டரை அமுக்கினார். டிவிக்குள் ரோடு ஓடி வந்தது. வளைவில் வேகமாகத் திருப்பியதும் காரின் பின்பக்கம் வழுக்கியது. பிரேக்கை அமுக்கினார்.

“ஏட்டி, மூக்கு குனியுது பாரு! நெசம் வண்டி மாதிரில்லா இருக்கு. கனம் தெரியுது.”

அவர் குரலில் அந்த உற்சாகத்தைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! தாவிக் குதிக்கிற பொம்மைக் காராக இருந்திருந்தால் அவர் தொட்டிருக்கவே மாட்டார். அதில் உள்ளது உள்ளபடி இருந்ததால்தான் உட்கார்ந்தார்.

ஆனால் பந்தயம்தான் நடக்கவில்லை. பின்னால் வருகிற காருக்கெல்லாம் ஒதுங்கி வழி விட்டார்.

“அப்பா, இது ரேஸு. வழி விடக் கூடாது.”

“அவனுக்கு என்ன அவசரமோ தாயி, போறான் விடு.”

கார் ரோட்டை விட்டுப் புல்லில் இறங்கினால் அப்படியே நிறுத்திவிடுவார். மழைக்காலக் கரிசலில் லாரி இறங்கினால் அச்சுவரை புதைந்துவிடும். அந்தப் பயம். “டயர் புதைஞ்சிருக்கும், முறுக்காத. டிராக்டரு வரட்டும்” என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஜெயா தரையில் உருண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சிரிப்பெல்லாம் டிவி ரோட்டின் இடப்பக்கச் சுவர்வரைதான். ஒவ்வொரு சுற்றிலும் கார் அதில் போய் உரசி நின்றது. “ரோடு சரியில்ல” என்பார். ஜெயா அவர் வலப்பக்கம் இருந்துகொண்டு, “இடது, இடது” என்று கத்தியும் பயனில்லை. கடைசியில் அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“கிளீனர் இல்லாம என்னத்த ஓட்டுதது? எடப்பக்கம் அவன்லா பாத்துக்கிடுவான்!”

எனக்குச் சுருக்கென்றது. லாரியில் டிரைவர் வலப்பக்கம், கிளீனர் இடப்பக்கம். வண்டியின் தகரத்தில் கிளீனர் இரண்டு தட்டு தட்டினால் போகலாம், ஒரு தட்டு தட்டினால் நிறுத்த வேண்டும், படபடவென்று தட்டினால் ஆபத்து. எங்கள் தெருவில் லாரியைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் அடுக்களையிலிருந்து கேட்டுப் பழகிய சத்தம்.

அவர் இடப்பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எவர்சில்வர் தாம்பாளத்தை மடியில் கவிழ்த்துக்கொண்டேன். சுவர் நெருங்கியதும் படபடவென்று தட்டினேன். அவர் தலை திரும்பவில்லை. ஆனால் கை ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தது. கார் சுவரில் படாமல் போயிற்று. ஜெயா என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.

டாக்டரிடம் சொன்னோம். சிரிக்காமல் கேட்டார். “நல்ல காரியம்மா. ஆனா காலம் பூரா நீங்க தட்டிக்கிட்டே இருந்தா அவிய தானா பாக்க மாட்டாவ. கொஞ்சம் கொஞ்சமா கொறைங்க.”

தட்டுவது சுலபமாக இருந்தது. கையைக் கட்டுப்படுத்துவதுதான் கஷ்டம். ஜெயா சென்னைக்குத் திரும்பிப் போன பிறகும் பெட்டி எங்களிடமே இருந்தது. கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் அவர் ஓட்டினார். நான் தட்டுவதைக் குறைத்துக்கொண்டே வந்தேன். தட்டாதபோதெல்லாம் சுவரில் மோதினார்.

ஒரு மத்தியானம் சுவர் வந்துகொண்டிருந்தது. நான் தட்டவில்லை. விரல்களைத் தாம்பாளத்தின் அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். அவர் சத்தத்துக்குக் காத்திருந்தார். வரவில்லை. மெதுவாக, துருப்பிடித்த கதவு திறப்பதுபோல, கழுத்து இடப்பக்கம் திரும்பியது. கண்கள் தாம்பாளத்தில் பட்டு, பிறகு என் முகத்துக்கு வந்தன.

“ஏட்டி, இங்கனதான் இருக்கியா?”

“வேற எங்க இருப்பேன்?”

“தட்டுத சத்தத்தக் காணுமேன்னு பாத்தேன். கை வலிச்சிட்டோ?”

டிவியில் கார் சுவரில் மோதி நின்றுகொண்டிருந்தது. இரண்டு பேருமே அதைப் பார்க்கவில்லை.

அதன்பிறகு எல்லாம் ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. இடது விரல்கள் இன்னும் மடங்கியேதான் இருக்கின்றன. அசதியாக இருந்தால் இடப்பக்கம் மறுபடி நழுவிப்போகும். ஆனால் தேடிப் பார்க்கத் தெரிந்துவிட்டது. டாக்டரிடம் அடுத்த முறை போனபோது, லாரியைப் பற்றி என் வீட்டுக்காரரே பேச்செடுத்தார்.

“கண்ணு அங்கன போகுது டாக்டர். ஆனா ஒரு நிமிசம் பிந்திப் போகுது. டிவியில செவுத்துல இடிக்கலாம். ரோட்டுல புள்ள குட்டியோட வாரவன் மேல இடிக்க முடியுமா? நான் வண்டிய விட்டு இறங்கிக்கிடுதேன்.”

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் அவர் இடப்பக்கம் உட்கார்ந்தேன். அவருடைய மடங்கிய கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். யார் கை என்று அவர் கேட்கவில்லை.

எப்போதும் அவர் இடப்பக்கமே நடந்து நடந்து என் உடம்பும் மாறித்தான் போயிற்று. காய்கறி வாங்கத் தனியாகப் போகும்போதுகூட, வலப்பக்கம் ஓர் ஆள் நடக்க இடம் விட்டே நடக்கிறேன். எதிரே வருகிறவர்கள் அந்த இடைவெளியில் புகுந்து போனால், என்னைத் தள்ளிவிட்டதுபோல இருக்கிறது.

நான் ஏதாவது சொன்னால் அவர் முகம் என் பக்கம் வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். முன்பெல்லாம் லாரி ஊர் திரும்பும்வரை வாரக்கணக்கில் வாசலைப் பார்த்தவள் நான். இந்தக் கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றுமில்லை. வந்துகொண்டிருக்கிறார் என்று தெரியும்.