பதின்மூன்று குதிரைகள் போன வழி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியின் சோதனைப் பிரிவில் இருபது வருடம் மீட்டர் பார்த்தவன் நான், பாலகோபால். மீட்டர் சொன்னால் சொன்னதுதான், மற்றதெல்லாம் வாய்ப்பேச்சு என்று வாழ்ந்தவன். அந்தத் திமிரை அடக்கியவர் கோட்டைமேட்டு ரசாக் பாய்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, மில்லில் லேத் ஓட்டி, பிறகு சொந்தமாகக் கார் பட்டறை போட்டவர் அவர். ஒடிசலான ஆள். ஓடுகிற என்ஜின் மேல் உள்ளங்கையை வைத்து, எந்த வால்வு சரியில்லை என்று சொல்லிவிடுவார். கையென்ன மீட்டரா என்று நான் கேலி செய்வேன். பதிலுக்கு டீ வாங்கித் தருவார்.

1994-ல் செங்கோட்டையன் தன் பழைய பியட் காரை அவரிடம் விட்டார். தாராபுரத்துப் பக்கம் விவசாயம், கூடவே கார் பந்தயப் பைத்தியம். ரசாக் பாய் மூன்று மாதம் இழைத்து இழைத்து அந்த என்ஜினைத் தயார் செய்தார். காரில் பூட்டுவதற்கு முன் எங்கள் சோதனை மேடையில் ஏற்றி ஓட்டினோம். அறுபத்திநாலு குதிரைத்திறன் வந்தது. கார் கம்பெனியிலிருந்து வரும்போது நாற்பது சொச்சம் இருந்த என்ஜின் அது. தாளில் எழுதி நானே கையெழுத்துப் போட்டேன்.

என்ஜினைக் காரில் பூட்ட மூன்று நாள் ஆனது. அதற்குள் ரசாக் பாய் இன்னொன்றும் செய்திருந்தார். மூடிப்போன மில்லிலிருந்து வந்த இரண்டு இரும்பு உருளைகளைத் தரையில் பதித்து, காரின் பின்சக்கரங்கள் அவற்றின் மேல் நின்று சுற்றும்படி அமைத்து, உருளையைப் பிடிக்கும் பிரேக்கோடு ஒரு தராசையும் இணைத்திருந்தார். ரோட்டைத் தொடுவது சக்கரம்தானே, அங்கே எவ்வளவு வருகிறது என்று பார்க்க அவருக்கு ஆசை. காரை ஏற்றி ஓட்டினார். தராசைப் பார்த்து நான் கணக்குப் போட்டேன். ஐம்பத்தொன்று.

மறுபடியும் போட்டேன். ஐம்பத்தொன்றேதான். பதின்மூன்று குதிரையைக் காணோம். செங்கோட்டையன் முகம் கறுத்துவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் என் நாக்கில் சனி ஏறிக்கொண்டது. என் கையெழுத்து அறுபத்திநாலில் இருக்கிறது, மூன்று நாளில் உள்ளே இருந்த நல்ல சாமானை மாற்றிப்போட்டீர்கள் பாய் என்று கத்தினேன். அதோடு விட்டேனா? தெருமுனை டீக்கடையிலும் போய் அதையே சொன்னேன்.

சுற்றிலும் பட்டறைகள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது. மறுநாளே இரண்டு பேர் வந்து, பாதி வேலையில் கிடந்த தங்கள் கார்களைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். ரசாக் பாயின் மனைவி ஜாஹிதா, ரேஷன் கடை வரிசையில் அந்தப் பேச்சைக் கேட்டு வெறும் பையோடு வீடு திரும்பினாராம். கை ஒடிந்தால்கூட மெக்கானிக் பிழைத்துக்கொள்வான். திருட்டுப் பெயர் வந்தால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

மூன்றாம் நாள் ரசாக் பாய் என்னையும் செங்கோட்டையனையும் வரச் சொன்னார். சண்டை போடவில்லை. காரை உருளை மேல் பத்து நிமிடம் வேகமாக ஓட்டி நிறுத்திவிட்டு, கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். கியர்பாக்ஸ் சுட்டது. பின் அச்சின் நடுவே பல்சக்கரம் இருக்கும் குடத்தைத் தொட்டதும் விரலை இழுத்துக்கொண்டேன். டயரும் கொதித்தது.

"குதிரை எங்கயும் ஓடிப்போகலீங்க பாலு சார். இங்கதான் சூடா நிக்குதுங்க. என்ஜின்ல கெளம்புனது சக்கரத்துக்கு வர்றதுக்குள்ள ஒவ்வொண்ணும் கொஞ்சம் தின்னுபோடுதுங்க."

நான் மசியவில்லை. எங்கள் பம்ப் செட்டில் மோட்டாரும் பம்ப்பும் ஒரே தண்டில் இருக்கும், நடுவே ஒரு பல்சக்கரம் கிடையாது. அதையே பார்த்துப் பழகிய புத்தி. கை சுட்டதெல்லாம் கணக்காகுமா, மீட்டரில் காட்டுங்கள் என்றேன்.

அதற்கும் அவரிடம் வழி இருந்தது. என் கம்பெனி மோட்டாரையும் என் மீட்டரையும் நானே கொண்டுவர வேண்டும். என்ஜின் ஓடவே கூடாது. மோட்டார் உருளையைச் சுழற்றினால் உருளை சக்கரத்தைச் சுழற்றும், சக்கரம் கியர்பாக்ஸ் வரைக்கும் எல்லாவற்றையும் சுழற்றும். சும்மா சுற்றவே எத்தனை குதிரை வேண்டுமோ, அத்தனையும் வழியில் போவதுதானே என்று கேட்டார். கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இருபது வருடம் மோட்டாரோடு குடித்தனம் நடத்திய எனக்கு இது தோன்றவில்லையே.

"பதினொண்ணு காட்டும்ங்க. மீதி ரெண்டு, என்ஜின் இழுக்கற பாரம் ஏறுறப்ப மட்டும் போறதுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

அன்று மதியமே மோட்டார் வந்தது. செங்கோட்டையன் கார்ச் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டாப் கியரில், என்ஜின் சேர்ந்து சுற்றாதபடி கிளட்சை மிதித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் சுவிட்சைப் போட்டேன். செத்துக் கிடந்த காரின் சக்கரங்கள் சுற்றத் தொடங்கின. மோட்டாருக்கும் வெறும் உருளைக்கும் ஆன செலவைக் கழித்துப் பார்த்தேன். பதினொன்று.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஐந்தாம் வகுப்புப் படித்த மனிதர் உள்ளங்கையால் அளந்துவிட்ட கணக்கை என் மீட்டர் பின்னால் ஓடிவந்து ஒப்புக்கொள்கிறது. அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றியது. வெட்கம் விடவில்லை.

செங்கோட்டையன் இறங்கி வந்து தலையில் அடித்துக்கொண்டார். கிணற்றில் இறைத்த தண்ணீர் மொத்தமும் கடைசி வயலுக்கு வருகிறதா, வாய்க்கால் குடித்தது போகத்தானே வருகிறது, அதற்காக மடை திருப்புகிறவனைத் திருடன் என்பேனா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ரசாக் பாய் என் பக்கம் திரும்பினார். அப்போதும் குரல் உயரவில்லை.

"குதிரை போன எடத்த உங்க மீட்டரு காட்டிருச்சுங்க சார். எம்பேரு போன எடத்த எதுங்க காட்டும்?"

அன்றைக்கே சைக்கிளை எடுத்தேன். பட்டறை பட்டறையாக ஏறி, தப்பு என் பேரில்தான் என்றேன். சிலர் கேட்டார்கள். சிலர் அப்படியா என்று ஸ்பானரைத் திருப்பப் போய்விட்டார்கள். உக்கடம் தாண்டிய கடைசிப் பட்டறையில், பாய் திருடியது உண்மைதானாமே என்று என்னிடமே கேட்டார்கள். நான் கிளப்பிய பழி, வழியில் ஒரு குதிரையைக்கூட இழக்காமல் போய்ச் சேர்ந்திருந்தது.

மறுநாள் செங்கோட்டையன், கூட்டம் நிற்கிற நேரம் பார்த்து, பியட்டை அந்த டீக்கடை வாசலில் நிறுத்தி ரசாக் பாயைக் கூப்பிட்டார். எல்லோரும் பார்க்கச் சாவியை இரண்டு கையாலும் நீட்டினார்.

"ஏனுங்க பாய், உங்களை நம்பித் தர்றனுங்க. இனி இந்தக் காரு உங்க பொறுப்புலயே இருக்கட்டுங்க."

ரசாக் பாய் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று அழுதேன்.