மேல் நீர்வீழ்ச்சிக்குப் போகிற வழி

ஐம்பது தமிழ்ச் சனத்தை ஒரு பஸ்ஸில் ஏற்றி ஒஸ்ரியா நாட்டு மலைக்கு நீர்வீழ்ச்சி காட்டக் கொண்டுபோகிற வேலையில் பாதி, ஆருக்குப் பக்கத்தில் ஆர் இருக்கமாட்டார் என்பதை ஞாபகம் வைத்திருப்பதுதான். மிச்சப் பாதி சாப்பாடு. மலை, பாதை, மழை எல்லாம் அதற்குப் பிறகுதான். ஒரு கலியாண வீட்டுக்காவது பஸ் பிடித்துக் கொடுத்து நொந்துபோனவர்கள் உங்களுக்குள்ளும் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நான் டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். கோடையில், வருசத்தின் இருபத்தொன்பதாம் கிழமை, அதாவது யூலை நடுவில், தொழிற்சாலைகள் பூட்டிக்கிடக்கிற நேரம் பார்த்து, எங்கட ஆக்களைச் சேர்த்துக்கொண்டு, பஸ்ஸில் பதினாறு மணித்தியாலம் ஓடி, அல்ப்ஸ் மலையில் ஒரு இயற்கைப் பூங்காவுக்குப் போவேன். ஒன்பது கோடை போனோம். ஒருவரும் என்னைக் கெஞ்சிக் கேட்கவில்லை. ஒரு பிறந்தநாள் வீட்டில் வாய் சும்மா இராமல் "நான் ஒழுங்குபடுத்துறன்" என்று சொன்னதால் வந்த வினை. இப்போது அந்த வருசங்களை நினைத்தால் சிரிப்பும் வருகுது, கவலையும் வருகுது.

நாலு கிலோமீற்றர்

அந்தப் பூங்காவில் ரெண்டு நீர்வீழ்ச்சி. கீழ் நீர்வீழ்ச்சி பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே விழும். மேல் நீர்வீழ்ச்சிக்கு நாலு கிலோமீற்றர் என்று பூங்காக்காரர் தருகிற தாளில் போட்டிருந்தது. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து டென்மார்க்கில் காலம் தள்ளுகிறவள். ரெண்டு இடத்திலும் தரை பாய் விரித்த மாதிரிக் கிடக்கும். நாலு கிலோமீற்றர் என்றால் எனக்கு ஒரு மணித்தியால நடை, அவ்வளவுதான். தாளில் இருந்த வரைபடத்தில், ஏற்றத்தைக் காட்ட அந்தப் பாதைக்குக் குறுக்கே நெருக்கி நெருக்கிக் கீறியிருந்த வளைவுக் கோடுகளை நான் அலங்காரம் என்று நினைத்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு ஏறி, ஒரு மணிக்கு இறங்கி, சாப்பாடு. முதல் வருசம் இதுதான் என்னுடைய திட்டம். விடியவே எழும்பி விடுதியில் காய்ச்சின சோறும் கறியும் மூன்று பெரிய பானையில் இருந்தது. பானைக்கு ஆராவது காவல் இருக்கவேண்டுமே. மல்லிகா அக்காவைக் கேட்டேன். இறைச்சித் தொழிற்சாலையில் இருபது வருசம் பெட்டி அடுக்கின மனுசி, ஒன்றுக்கும் முகம் சுளிக்கமாட்டார். சரி என்று கீழேயே இருந்துவிட்டார். அவருடைய கணவர் தவராசா அண்ணை எங்களோடு மேலே வந்தார்.

ஏறினோம், ஏறினோம், ஏறிக்கொண்டே இருந்தோம். பாதிப் பேர் என்னைத் திட்டினார்கள், மிச்சப் பேருக்குத் திட்ட மூச்சு இல்லை. திரும்பி இறங்கும்போது நாலரை மணி. தவராசா அண்ணைக்கு மட்டும் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. வேர்த்து விறுவிறுத்து நேரே மனுசியிடம் போய், மேலே கண்டதைக் கையை விரித்து விரித்துச் சொன்னார். வாற வருசம் உன்னையும் கூட்டிக்கொண்டு போவன் என்றார். நான் மெல்லக் கிட்டப் போய் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். மல்லிகா அக்கா கோபிக்கவில்லை. பானை மூடியைத் திறந்து காட்டிவிட்டுச் சொன்னார்: "சோறு குழைஞ்சு போச்சு, சாந்தி."

சவர்க்காரம்

அந்தப் பனிக்காலத்தில் தவராசா அண்ணை மாரடைப்பில் போய்விட்டார். அடுத்த கோடைப் பயணத்துக்கு முதலாவதாகப் பேர் தந்தவர் மல்லிகா அக்கா. மனுசன் பார்த்ததைத் தானும் ஒருக்காப் பார்க்கவேண்டும் என்று மட்டும் சொன்னார். அவரைப் பானைக்குக் காவல் வைத்தவள் நான்தானே. என்ன பாடுபட்டாவது இந்த மனுசியை மேலே கொண்டுபோய்க் காட்டிவிட வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

நான் ஒன்று நினைக்க எங்கட ஆம்பிளையள் வேறொன்று நினைத்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கின உடனே பத்துப் பன்னிரண்டு பேர் தலையில் நல்லெண்ணெய், தோளில் துவாய், கையில் சவர்க்காரத்தோடு கீழ் நீர்வீழ்ச்சிக்கு வரிசையாகப் போனார்கள். நீர்வீழ்ச்சி என்றால் குளிக்கத்தானே. பார்த்துவிட்டு மட்டும் திரும்புகிற நீர்வீழ்ச்சியும் உண்டென்று எங்கட சனத்துக்கு ஆர் சொன்னது? தண்ணீர் பனி உருகி வருகிறது. முதலில் கால் வைத்தவர் போட்ட சத்தத்தில் பூங்காக் காவலர் ஓடிவந்துவிட்டார். நான் டேனிஷை ஜெர்மன் மாதிரி இழுத்து இழுத்துக் கதைத்து, எண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் காரணம் சொல்லி முடிக்கவே மத்தியானம் தாண்டிவிட்டது. அதற்குள் மழை இருட்டிக்கொண்டு வர, மேல் பாதையைச் சங்கிலி போட்டு அடைத்துவிட்டார்கள். மல்லிகா அக்கா சப்பாத்துக் கயிறு இறுக்கிக் கட்டினபடி அப்படியே நின்றார். எனக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் அழுகை. அந்தக் காவலர் நல்ல மனுசன். தங்கள் அறிவிப்புப் பலகையைத் திரும்பிப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "தீ மூட்டக்கூடாது, பூப் பறிக்கக்கூடாது, எல்லாம் எழுதினோம். சவர்க்காரம் எங்களுக்குத் தோன்றவே இல்லை."

மச்சாளும் மச்சாளும்

பயணத்துக்கு ஒரு மாதம் முன்னுக்கே என்னுடைய போன் அடங்காது. அங்கே கோயில் இருக்கோ, வெள்ளிக்கிழமை மரக்கறி தருவினமோ, நீர்வீழ்ச்சியை எத்தனை மணிக்குத் திறந்து விடுவினம் என்றெல்லாம் கேட்பார்கள். ஒருமுறை ஒடென்சே நகரிலிருந்து ஒரு அக்கா எடுத்து, தன்னுடைய மச்சாளுக்குப் பக்கத்தில் மட்டும் தன்னை இருத்தவேண்டாம் என்றார். பத்து நிமிசத்தில் அந்த மச்சாள் எடுத்து அதையே கேட்டார். உங்களுக்குள் ஏதும் பிரச்சினையோ என்று நான் வாய்தவறிக் கேட்டுவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் சுட்டுவிட்டது. "எங்களுக்குள்ள நல்ல ஒற்றுமை, தங்கச்சி. பதினாறு மணித்தியாலம்தான் ஏலாது."

வானமலை

மூன்றாம் வருசம் மல்லிகா அக்கா பாதி வழி ஏறினார். முழங்கால் வீங்கிவிட்டது, ரெண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினோம். நாலாம் வருசம் மூன்று நாளும் விடாத மழை. அதற்குப் பிறகு ஒரு வருசம் பாதை திருத்தினார்கள், ஒரு வருசம் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. இப்படியே காலம் போகுது என்று எனக்குப் பதற்றம் பிடித்தது. சனத்துக்குப் பயிற்சி கொடுப்பதென்று முடிவெடுத்தேன்.

சில்க்போர்க் பக்கத்தில் ஏரிக்கரையோடு ஒரு குன்று இருக்கிறது. டேனிஷ்காரர் அதற்கு வானமலை என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் புதுச் சப்பாத்து, ஊன்றுதடி, பொரிச்ச ரோல்ஸ், தேத்தண்ணிப் போத்தலோடு போய் இறங்கினோம். காரை நிறுத்தினால் உச்சி அங்கேயே நிற்குது. ஏறவேண்டுமென்றால் முதலில் கீழே ஏரிக்கு இறங்கவேண்டும். மல்லிகா அக்கா இறங்கி ஏறினார், திரும்பவும் இறங்கி ஏறினார், பெரிய களைப்பும் இல்லை. எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோசம். அவர் மட்டும் ஒரு கல்லில் குந்தியிருந்து ரோல்ஸைக் கடித்துக்கொண்டு சுற்றிவரப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இதுக்கு வானமலை எண்டு பேர் வைச்ச ஆக்களிட்ட பயிற்சி எடுத்து நான் எங்க ஏற?"

தாளின் பின்பக்கம்

பயிற்சிக்குப் பிறகும் ரெண்டு கோடை முழங்கால் அவரைப் பாதி வழியோடு திருப்பிவிட்டது. ஒன்பதாம் கோடை வந்தது. அடுத்த மாதம் மல்லிகா அக்காவுக்கு ரெண்டு முழங்காலிலும் ஒபரேசன். இனி மலை ஏறுகிற கதையே வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். பஸ்ஸிலும் ஆள் குறைந்து, அதுதான் கடைசிப் பயணம் என்று எனக்கும் தெரிந்துவிட்டது. நீர்வீழ்ச்சிக்குப் போகிற நாள் காலமை விடுதியில் நான் கோப்பியும் குடிக்காமல் யோசித்துக்கொண்டிருந்தேன். எதிரில் எங்கட டிரைவர் பிரெபன். ஒன்பது வருசமும் எங்களை ஏற்றி இறக்கின டேனிஷ்காரர், எங்கட உறைப்பு ரோல்ஸைக் கண்ணீர் வடிய வடியச் சாப்பிடுகிறவர். விடுதி மேசையில் கிடந்த பூங்காக்காரரின் அசல் தாளை எடுத்துக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் கோப்பையை வைக்கப் போனவர் அப்படியே நின்று வாசித்தார். அவருக்கு ஜெர்மன் தெரியும். மேலே மலைவிடுதி வரைக்கும் ஒரு சின்ன பஸ் ஓடுகிறதே, அதில் நீங்கள் ஏன் ஒருநாளும் ஏறுவதில்லை என்று கேட்டார்.

பின்பக்கம் முழுக்க அந்தச் சின்ன பஸ்ஸின் நேர அட்டவணை. இறங்குகிற இடத்திலிருந்து மேல் நீர்வீழ்ச்சிக்கு இருபது நிமிசம், மட்டமான பாதை. முதல் வருசம் நான் தாளின் முன்பக்கத்தை மட்டும் பிரதி எடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். பிறகு ஒவ்வொரு வருசமும் அந்தப் பிரதியையே திரும்பப் பிரதி எடுத்தேன். பின்பக்கம் ஜெர்மன்தானே என்று ஒருநாளும் திருப்பிப் பார்க்கவில்லை. எனக்கு என்னுடைய தலையில் நானே அடிக்கலாம் போல இருந்தது.

மல்லிகா அக்கா சின்ன பஸ்ஸில் யன்னல் ஓரமாகப் போனார். இறங்கி, என்னுடைய கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாக நடந்தார். மரங்கள் முடிகிற இடத்தில் வெள்ளையாகக் கொட்டுது தண்ணீர், தூறல் முகத்தில் அடிக்குது. அவர் கம்பித் தடுப்பைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். மற்ற ஆக்கள் படம் எடுத்து முடித்து மலைவிடுதிக்குப் போய்விட்டார்கள். அவர் அசையவில்லை. எனக்குத் தாங்க ஏலாமல் போய்விட்டது. அந்தத் தாளைப் பற்றிச் சொன்னேன். முதல் வருசமே நான் அதைத் திருப்பியிருந்தால் நீங்கள் அண்ணையோடு சேர்ந்து இதே இடத்தில் நின்றிருப்பீர்கள் என்று சொல்லி, வெட்கத்தை விட்டு அழுதேன். அவர் முந்தானையால் முதலில் என்னுடைய முகத்தைத் துடைத்தார், பிறகு தன்னுடையதைத் துடைத்தார். பார்வை மட்டும் நீர்வீழ்ச்சியை விட்டு அகலவில்லை. "விடு, சாந்தி. அந்த மனுசன் பக்கத்தில நிண்டிருந்தா, தான் கதைக்கிறதை விட்டிட்டு என்னை இப்பிடிப் பார்க்க விட்டிருக்குமோ?"

இப்போது எங்கட பிள்ளைகள் போனைப் பார்த்துத் தாங்களே மலைக்குப் போய்வருகிறார்கள், எங்களைப் போல ஒருவரும் வழி தவறுகிறதில்லை, பாவங்கள்.