துரை தோட்டத்து நிழல் யாருக்கு?

நான் இப்போது சொல்லப்போவதை ஒருத்தரும் நம்ப மாட்டீர்கள் என்று நம்ம முத்துக் கடல்மேல் சத்தியம் செய்தே ஆரம்பிக்கிறேன்.

இன்று மத்தியானம் பழைய துரை தோட்டப் பூங்காவில், கொடிப்பந்தலுக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில், மீன் விற்று முடித்த பெண்கள் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பூங்காவைக் குத்தகைக்கு எடுத்தவரின் ஆள் கயிறோடு வந்தான்.

"எல்லாரும் எந்திரிங்க. இனிமே பந்தல் கல்யாண போட்டோ எடுக்கவங்களுக்கு மட்டும்தான். வாடகைக்கு விட்டாச்சு."

ஒரு அக்கா சோற்றுக் கையோடு கேட்டார்: "ஏலே, பொண்ணு மாப்பிள்ளை கறுத்துருவாங்கன்னு எங்கள வெயில்ல காயப்போடுதியா?"

நான் தொண்டையைச் செருமினேன்.

"தம்பி, இந்தத் தோட்டத்தோட வரலாறு தெரியுமா? இதைப் போட்ட வெள்ளைக்காரத் துரை, ரோஜாச் செடிகளை வரிசையா நிறுத்தி தினமும் ஆஜர் எடுத்தவன். தண்ணி ஊத்துன நம்ம ஆளுகளப் பந்தலுக்குள்ள விடவே இல்ல. எங்க பூட்டன் கோவத்துல கடலுக்குள்ள முங்கி, தேங்கா தண்டி முத்தோட எந்திரிச்சாரு. 'நிலம் வேண்டாம், நிழலை மட்டும் கொடு'ன்னு முத்தக் கொடுத்து துரைகிட்ட வாங்கிட்டாரு. பந்தல் உன் முதலாளிக்கு. நிழல் எங்களுக்கு."

"நிழலை எப்படி அண்ணாச்சி விக்க முடியும்?"

"வாடகைக்கு விட முடியும்னா விக்க முடியாதாலே?"

அவன் முதலாளிக்குப் போன் போட்டுச் சொன்னான். அங்கன முதலாளி போட்ட கத்தலில் துறைமுகத்துக் கப்பலெல்லாம் பதில் ஊதின.

பூட்டன் கதையை விட்டுத்தள்ளுங்கள். ஒரு சின்னச் சங்கதி மட்டும் அப்பட்டமான உண்மை: ஒருத்தர்கூட எழுந்திரிக்கவில்லை.

நாளைக்கும் அங்கனதான் இருப்போம். மீன் குழம்பு இருக்கு, சோறு யார் கொண்டு வாரீங்க?